திறப்பைக் கொடுத்த பின்னர்

ஒருவர் தமது வீட்டை வாடகைக்கு விடும்போது உண்மையில் எதை விற்கிறார்? நிலத்தையா, சுவரையா, கூரையையா? இவற்றில் எதுவும் கைமாறுவதில்லை. காணி உறுதி அவருடைய அலுமாரியிலேயே இருக்கிறது. வரிப் பற்றுச்சீட்டு அவருடைய பெயரிலேயே வருகிறது. கைமாறுவது ஒரு திறப்பு மட்டுந்தான். ஆனால் அந்தத் திறப்போடு சேர்ந்து இன்னொன்றும் கைமாறுகிறது. அதன் பெயரை நமது பிக்ஹு நூல்கள் தெளிவாகவே சொல்லியிருக்கின்றன: பயன். இஜாரா என்பது பொருளை விற்பதன்று. பொருளின் பயனைக் குறித்த காலத்துக்குக் குறித்த விலைக்கு விற்பது. வீட்டின் உடல் ஒருவருக்கும் அதன் பயன் இன்னொருவருக்கும் ஒரே வேளையில் சொந்தமாக இருக்கும் இந்த விசித்திரமான நிலையில், யார் யாருக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறார் என்பதே இக்கட்டுரை எழுப்ப விரும்பும் கேள்வியாகும்.

இது ஏட்டுக் கேள்வியல்ல. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று போன்ற கிழக்கின் கரையோர ஊர்களில் வாடகை வீடு என்பது பெரும்பாலும் பணக்காரரின் முதலீடு அல்ல. மகளுக்கு வீடு கொடுத்துக் கட்டிக்கொடுக்கும் வழக்கமுள்ள சமூகம் நமது. மகள் பாடசாலை போய்க்கொண்டிருக்கும்போதே தகப்பன் அத்திவாரம் போடுகிறார். வெளிநாட்டில் உழைத்த காசில் சுவர் எழும்புகிறது. கூரை போடக் கடன் வாங்கப்படுகிறது. குமர் கலியாண வயதுக்கு வரும்வரை அந்த வீடு சும்மா கிடக்கக் கூடாது என்பதற்காக வாடகைக்கு விடப்படுகிறது. வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியர், வங்கி உத்தியோகத்தர், வைத்தியசாலைத் தாதி, ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகள் என யாரோ வந்து குடியேறுகிறார்கள். எனவே நமது பகுதியில் வீட்டுக்காரர் என்பவர் தமது மகளின் அமானிதத்தைக் காத்துக்கொண்டிருக்கும் ஒரு தகப்பன். வாடகைக்கு வருபவர் அந்தக் காத்திருப்பின் இடைவெளியில் தமது வாழ்க்கையை வாழ்ந்துவிட்டுப் போகும் ஒருவர். இருவருக்கும் அந்த வீடு வேறு வேறு பொருள் தருவது.

இவர்களுக்கிடையிலான உறவைச் சட்டம் முழுமையாகக் காப்பாற்றுவதுமில்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில் செய்யப்பட்டிருக்க வேண்டும். கிராமத்தில் எத்தனை பேர் நொத்தாரிசிடம் போகிறார்கள்? "ஊட்டுல ஒரு குறையும் இல்ல சேர், நீங்க எப்ப வேணுமெண்டாலும் வாங்க" என்ற ஒரு வார்த்தையோடு காரியம் முடிந்துவிடுகிறது. காகிதம் இல்லாத இடத்தில் எஞ்சியிருப்பது மனச்சாட்சிதான். எனவேதான் இதை ஓர் ஒழுக்கப் பிரச்சினையாக நோக்க வேண்டியிருக்கிறது.

முதலில் அடிப்படையான ஒரு சந்தேகம். ஒதுங்க இடம் தேடும் மனிதனிடம் காசு வாங்கலாமா? இக்கேள்வி நமது மரபுக்குப் புதியதன்று. மஸ்ஜிதுல் ஹராமில் உள்ளூரவரும் வெளியிலிருந்து வருபவரும் சமம் என்று சூறத்துல் ஹஜ்ஜின் 25ஆம் வசனம் கூறுவதை வைத்து, மக்காவின் வீடுகளை ஹாஜிகளுக்கு வாடகைக்கு விடலாமா என்று இமாம்கள் விவாதித்தார்கள். இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் ஹஜ் காலத்தில் அவ்வாறு வாடகை பெறுவதை வெறுத்தார்கள். இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் மக்காவின் வீடுகளும் ஏனைய சொத்துகளைப் போன்றவையே, வாடகைக்கு விடலாம் என்றார்கள். நாம் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர், அனுமதியை எடுத்துக்கொள்கிறோம். ஆனால் மறுதரப்பின் கவலையை மறந்துவிடுவது நல்லதல்ல. ஓர் ஊருக்கு வந்தே தீர வேண்டியவன், வந்த இடத்தில் பேரம் பேசும் பலம் இல்லாதவன் என்பதே அக்கவலையின் சாரம். 2004 டிசம்பர் 26இன் கடல்கோளுக்குப் பின்னர் நமது கரையோர ஊர்களுக்கு நிவாரண நிறுவனங்கள் வந்து வீடு தேடியபோது வாடகைகள் எப்படி ஏறின என்பதைக் கண்டவர்களுக்கு இது புரியும். வீடிழந்த குடும்பமும் வெளிநாட்டு நிறுவனமும் ஒரே வீட்டுக்கு விலை கேட்டு நின்ற நாட்கள் அவை. வாடகை ஹலால்தான். ஆனால் தேவையின் கழுத்தைப் பிடித்து வாங்கும் வாடகையைப் பற்றி மனம் சற்றுத் தயங்குவதும் ஈமானின் ஒரு பகுதி என்றே நான் நினைக்கிறேன்.

இனி, திறப்பைக் கொடுத்த பின்னர் அது யாருடைய வீடு? இக்கேள்விக்குச் சூறத்துன் நூரின் 27 முதல் 29 வரையான வசனங்கள் நுட்பமான ஒரு விடையைத் தருகின்றன. தமதல்லாத வீடுகளுக்குள் அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லாமல் நுழையக் கூடாது. திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டும். அடுத்து, யாரும் குடியிருக்காத, தமக்குத் தேவையான ஏதேனும் உள்ள வீடுகளில் நுழைவது குற்றமில்லை என்றும் கூறப்படுகிறது. இங்கே கோடு கிழிக்கப்படுவது உறுதியின் அடிப்படையில் அல்ல, குடியிருப்பின் அடிப்படையில் என்பது கவனிக்கத்தக்கது. ஒரு குடும்பம் விளக்கேற்றிச் சமைத்து உறங்கும் இடம், உறுதி யார் பெயரில் இருந்தாலும், அக்குடும்பத்தின் வீடு.

பிக்ஹு அறிஞர்கள் இதை இன்னும் கடுமையாகவே விளங்கினார்கள். இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில், திருட்டுக் குற்றம் பற்றிய பாடத்தில் ஒரு சட்டம் வருகிறது. வீட்டை வாடகைக்கு விட்டவரே அவ்வீட்டிலிருந்து வாடகைக்காரரின் பொருளைத் திருடினால், வெளியிலிருந்து வந்த திருடனுக்குரிய தண்டனையே அவருக்கும் உரியது. 'என் வீடுதானே' என்ற வாதம் அங்கு செல்லாது. இச்சட்டத்தை இன்று நாம் நடைமுறைப்படுத்துவதில்லை. ஆயினும் அதிலுள்ள தத்துவம் இன்றைக்கும் நமக்குத் தேவை. வாடகைக்கு விட்ட மறுகணமே அந்தக் கதவுக்கு வீட்டுக்காரர் ஓர் அந்நியர்.

நமது ஊர்களில் இது எவ்வாறு மீறப்படுகிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை. வளவுத் தென்னையில் தேங்காய் பறிக்க ஆளை அனுப்புவார்கள். வீட்டிலிருக்கும் பெண் தலை மூட அவகாசமிருக்காது. கிணற்றடியில் ஒருவர் குளித்துக்கொண்டிருக்கும்போது 'மோட்டரைப் பார்க்க வந்தேன்' என்று பின்வேலியால் நுழைவார்கள். இரண்டாவது திறப்பு ஒன்று கையில் இருக்கும்; வாடகைக்காரர் பெருநாளைக்கு ஊருக்குப் போன சமயம் உள்ளே போய் ஒரு சுற்றுப் பார்த்து வருவார்கள். எதையும் எடுப்பதில்லை, உண்மைதான். ஆனால் ஒரு மனிதனின் மறைவைப் பார்ப்பதும் எடுப்பதில் ஒரு வகையல்லவா? தேங்காய் யாருக்கு என்பதைக் குடியேறும்போதே பேசி முடித்துவிடலாம். மோட்டர் பார்க்க வருவதை முதல் நாளே சொல்லிவிடலாம். கதவடியில் நின்று ஸலாம் சொல்வதற்கு ஒரு சதமும் செலவில்லை.

அடுத்து, வீட்டை எந்த நிலையில் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி. இமாம் கஸ்ஸாலியும் (ரஹ்) இமாம் ஷாத்திபியும் (ரஹ்) ஷரீஅத்தின் நோக்கங்களை அத்தியாவசியம், தேவை, அழகு என மூன்று படிகளாக வகுத்து விளக்கியது நாமறிந்ததே. வாடகை வீட்டை ஆயத்தம் செய்வதற்கும் அந்த அளவுகோல் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. எளிய தமிழில் உயிர், மானம், வசதி எனலாம்.

உயிர் என்பது மின்சாரம், கிணறு, கூரை ஆகிய மூன்றும். பழைய வீடுகளின் வயர்களில் மேலுறை இற்றுப்போயிருக்கும். புவிக்கம்பி பெயருக்கு ஒன்று இருக்கும். நிலத்தில் பதித்த கோல் துருப்பிடித்திருக்கும். ட்ரிப் சுவிச் ஒன்று ஒழுங்காக வேலை செய்தால், 30 மில்லி அம்பியர் அளவில் மின்சாரம் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். அது வேலை செய்கிறதா என்று பார்க்க அதிலேயே ஒரு சிறிய பொத்தான் இருக்கிறது. அழுத்திப் பார்க்க ஒரு நொடி போதும். நமது மண் மணற்பாங்கானது. நிலத்தடி நீர் மேலேயே கிடக்கிறது. மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் போதிய தூரமில்லாவிட்டால் குழியிலுள்ளது கிணற்றுக்கு வந்துவிடும். வெள்ளம் வடிந்தபின் கிணற்றை இறைத்துக் குளோரின் இடாமல் விட்டால் அந்தத் தண்ணீரைக் குடிப்பது வாடகைக்காரரின் பிள்ளை. கடற்காற்றின் உப்பு கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். கம்பி பருத்துச் சீமெந்து வெடிக்கும். ஒரு நாள் கட்டையாகக் கழன்று விழும். வடகீழ்ப் பருவமழை தொடங்கும் முன்னர் கூரையையும் பீலியையும் பார்க்காவிட்டால் ஒழுக்கு ஒருபுறம், தேங்கிய நீரில் டெங்கு நுளம்பு மறுபுறம்.

மானம் என்பது குளியலறைக் கதவின் கொண்டி, கிணற்றடியைச் சுற்றிய மறைப்பு, வீதியிலிருந்து பார்வை படாத யன்னல், இரவில் உள்ளிருந்து பூட்டக்கூடிய முன்கதவு. விலையில் மிகச் சிறியவை இவை. ஆனால் தனியாகத் தங்கிப் படிப்பிக்கும் ஓர் ஆசிரியைக்கு அந்தக் கொண்டி எவ்வளவு பெரியது என்பதை அவரிடந்தான் கேட்க வேண்டும்.

வசதி என்பது டைல்ஸ், பெயின்ற், சீலிங், அலங்கார விளக்கு. இவை இல்லாமலும் வாழலாம். இவற்றுக்கேற்ப வாடகை கூடலாம், குறையலாம், அது பேரத்துக்குரியது.

நமது நடைமுறையோ இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது. வீடு காலியானதும் முதலில் வருபவர் பெயின்ற் அடிப்பவர். ஈரம் ஊறிய சுவரின் மேல் இரண்டு பூச்சு அடித்தால் மாரி வரும்வரை தெரியாது. வயர் சுவருக்குள் இருக்கிறது, யாரும் பார்ப்பதில்லை. கண்ணுக்குத் தெரிவதற்குச் செலவு செய்கிறோம், உயிருக்கு வேண்டியதைத் தள்ளிப்போடுகிறோம். தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட நபிகளார் (ஸல்) அவர்கள் அவ்வியாபாரியைக் கண்டித்த செய்தியை நாம் சந்தைக்கு மட்டும் உரியதென எண்ணிவிட்டோம். ஈரச் சுவரைப் பெயின்ற்றால் மூடுவதும் அதே வியாபாரந்தான்.

செலவை யார் ஏற்பது என்பதிலும் நமது நூல்கள் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. மின்ஹாஜின் இஜாராப் பாடத்தில், திறப்பை ஒப்படைப்பதும் வீட்டைத் திருத்துவதும் வாடகைக்கு விட்டவரைச் சார்ந்தவை எனக் காண்கிறோம். அவர் விரைந்து திருத்தாவிட்டால், ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை வாடகைக்காரருக்கு உண்டு. கூரையில் விழும் பனியை அகற்றுவது வீட்டுக்காரரின் வேலை. முற்றத்துப் பனியையும் குப்பையையும் அகற்றுவது வாடகைக்காரரின் வேலை என்றும் அங்கு பிரித்துக் காட்டப்பட்டிருக்கிறது. நமக்குப் பனி இல்லை. ஆனால் பீலியில் அடைத்த சருகும் வளவில் சேர்ந்த குப்பையும் இருக்கின்றன. பங்கீடு அப்படியே பொருந்துகிறது.

இதன் பின்னாலுள்ள விதி ஒன்று சிந்தனைக்குரியது. ஆதாயம் என்பது பொறுப்பைச் சுமப்பதற்கு ஈடானது என்பதே அது. மாதாமாதம் வாடகை வாங்குவதற்கான நியாயம், அந்த வீட்டின் தேய்வும் அழிவும் தன்மேல் விழும் என்பதுதான். வாடகையைத் தான் எடுத்துக்கொண்டு தேய்வை மற்றவர் தலையில் கட்டினால் அந்த நியாயம் போய்விடுகிறது. வாடகைக்காரரின் கை அமானிதக் கை. அலட்சியத்தாலோ வரம்பு மீறியோ கெடுத்தால்தான் அவர் ஈடுசெய்ய வேண்டும். ஐந்து வருடம் குடியிருந்த வீட்டின் சுவர் மங்குவதும் தண்ணீர்க் குழாயின் வாசர் தேய்வதும் அலட்சியமல்ல, வாழ்க்கை. அதற்காக முற்பணத்தில் கழித்துக்கொள்வது எந்தக் கணக்கு? அளவையில் குறைப்பவர்களைப் பற்றிய சூறா ஒன்றே நமக்கு இருக்கிறது. வாங்கும்போது நிறைத்து வாங்கி, கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பது தராசில் மட்டும் நடப்பதில்லை. மின்சாரசபை அறவிடும் விலையிலும் கூடுதலாக ஓர் அலகுக்குப் பல்கலைக்கழகப் பிள்ளைகளிடம் வாங்குவதும் அதில் சேரும்.

இதே விதி வாடகைக்காரரையும் விடுவதில்லை. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்போருக்கு வலுவான பாதுகாப்பளித்தது. அதற்கு அன்று நியாயமிருந்தது. ஆனால் அப்பாதுகாப்பைப் பிடித்துக்கொண்டு, தலைமுறை மாறியும் பழைய வாடகையையே கொடுத்து, வீட்டை விட மறுத்தவர்களும் உண்டு. வருமானமில்லை என்று வீட்டுக்காரர் திருத்தவில்லை; தன்னுடையதல்ல என்று குடியிருப்பவரும் திருத்தவில்லை. கொழும்பின் பழைய தெருக்களில் இருவருக்கும் நடுவில் கட்டடங்கள் இற்று விழுந்தன. பள்ளிவாசல்களின் வக்ஃப் கடைகளையும் வீடுகளையும் இன்றைய பெறுமதிக்குச் சம்பந்தமில்லாத வாடகைக்கு வைத்திருப்போரும் தமது மனச்சாட்சியைக் கேட்டுப் பார்க்கலாம். அங்கே வீட்டுக்காரர் அல்லாஹ்.

இவ்விடத்தில் நேர்மையான ஓர் ஆட்சேபம் எழும். வீட்டுக்காரர் எல்லோரும் வசதியுள்ளவர்களா? கணவனை இழந்த ஒரு பெண் தன் வீட்டில் ஓர் அறையைத் தடுத்து வாடகைக்கு விட்டு, அதில் பிள்ளைகளைப் படிப்பிக்கிறாள். அவளிடம் போய் வயரிங்கை மாற்று, கிணற்றைத் திருத்து என்றால் அவள் வாடகைக்கு விடாமலே இருந்துவிடுவாள். அவளும் பட்டினி, மலிவான அறை தேடி வந்தவனும் தெருவில். இந்த ஆட்சேபத்தை இலகுவில் தள்ளிவிட முடியாது. என்னுடைய விடை இதுதான்: வறுமை வசதியைக் குறைக்கலாம்; உண்மையைக் குறைக்க முடியாது. 'இந்த மூலை ஒழுகும், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள், வாடகையும் அதற்கேற்பத்தான்' என்று சொல்லிக் கொடுக்கும் அவள், ஒன்றும் சொல்லாமல் டைல்ஸ் வீட்டைக் கொடுக்கும் ஹாஜியாரிலும் மேலானவள். உயிருக்கு ஆபத்தானதை மட்டும் சொல்லிவிட்டும் கொடுக்க முடியாது. ஷொக் அடிக்கும் சுவிச்சுக்கு மலிவு வாடகை ஈடாகாது. அத்தகைய வீடுகளுக்கு ஸகாத்துக் குழுக்கள் ஒரு ட்ரிப் சுவிச் வாங்கிக் கொடுத்தால் இருவர் பயன்பெறுவர்.

ஆனால் 'முடியாது' என்பதும் 'மனமில்லை' என்பதும் வெவ்வேறு. இதைப் பிரித்தறிய நமது ஊரிலேயே ஒரு பரீட்சை இருக்கிறது. பத்து வருடம் வாடகையில் இருந்த வீடு மகளின் கலியாணத்துக்காகக் காலியாகிறது. உடனே ஓடாவி வருகிறார், மேசன் வருகிறார், வயரிங் முழுவதும் மாறுகிறது, குழி தள்ளித் தோண்டப்படுகிறது, குளியலறைக்குப் புதுக்கதவு போடப்படுகிறது. பத்து வருடமாகத் தெரியாத குறைகள் ஒரு மாதத்தில் எப்படித் தெரிந்தன? அவை எப்போதும் தெரிந்தே இருந்தன. அங்கு குடியிருந்தவர் நமது மகளாக இருக்கவில்லை, அவ்வளவுதான். தலாக் சொல்லப்பட்ட பெண்ணை இத்தா காலத்தில் எங்கு வைத்திருக்க வேண்டும் என்று கூறும் சூறத்துத் தலாக்கின் 6ஆம் வசனம், உங்கள் வசதிக்கேற்ப நீங்கள் வாழும் இடத்திலேயே என்றும், நெருக்கடி கொடுத்துத் துன்புறுத்தாதீர்கள் என்றும் பணிக்கிறது. அது வாடகைக்காரரைப் பற்றியதன்று. எனினும் ஒருவரைக் குடிவைப்பதற்கு 'நீங்கள் வாழும் இடம்' என்ற அளவுகோலை நமக்கு அறிமுகப்படுத்துகிறது. வீட்டை விடச் செய்வதற்காகத் தண்ணீரை நிறுத்துவோருக்கு அதன் பிற்பகுதியும் போதுமானது.

நபிகளார் (ஸல்) மதீனாவுக்கு வந்தபோது அபூ அய்யூப் அல் அன்ஸாரி (ரலி) அவர்களின் வீட்டின் கீழ்த்தளத்தில் தங்கினார்கள். ஓரிரவு மேல்தளத்தில் தண்ணீர்ச் சாடி உடைந்தது. கீழே இருப்பவர் மேல் ஒரு சொட்டு விழுந்துவிடுமோ என்று அஞ்சிய கணவனும் மனைவியும் தங்களிடமிருந்த ஒரே போர்வையால் அத்தண்ணீரை ஒற்றி எடுத்தார்கள். அங்கே வாடகை இல்லை, விருந்து. கீழே இருந்தவரோ அல்லாஹ்வின் தூதர். ஆயினும் ஒழுக்குக்கு அஞ்சும் அந்த மனம் நமக்கு வேண்டாமா?

யாருக்கு வீடு கொடுப்பது என்பதிலும் இந்த மனம் சோதிக்கப்படுகிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் புத்தளத்தில் ஒதுங்க இடம் தேடினார்கள். 2019 ஏப்ரலுக்குப் பின்னர், பெயரைக் கேட்டதும் வீடு இல்லை என்று சொல்லப்பட்ட அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தக் கசப்பை அறிந்த நாம், மலையகத்திலிருந்து மாற்றலாகி வரும் தமிழ் ஆசிரியைக்கு என்ன விடை சொல்கிறோம்? நியாயமான நிபந்தனைகள் வைக்கலாம். ஆனால் பெயரைக் கேட்டுக் கதவைச் சாத்துவது, நமக்குச் செய்யப்பட்டதையே நாம் செய்வதாகும்.

நமது ஊர்களில் ஹஜ்ஜுக்குப் புறப்படுபவர் வீடு வீடாகப் போய் மாப்புக் கேட்பது வழக்கம். உறவினர், அயலவர், கொடுக்கல் வாங்கல் உள்ளவர் என ஒரு நீண்ட பட்டியல் இருக்கும். பயணச் செலவில் ஒரு பங்கு பல வருட வாடகையில் மிச்சம் பிடித்ததாகவும் இருக்கும். அந்தப் பட்டியலில், அவருடைய வீட்டில் குடியிருந்துவிட்டுப் போன ஆசிரியரின் பெயரை நான் இதுவரை கண்டதில்லை. மட்டக்களப்பிலோ பதுளையிலோ இருக்கும் அவரைத் தொலைபேசியில் அழைத்து, "என்ட ஊட்டுல இருந்த காலத்துல ஏதும் குறை வெச்சிருந்தா பொருந்திக்கொள்ளுங்க சேர்" என்று கேட்க இரண்டு நிமிடம் போதும். கேட்கத் துணிவில்லாதவர், அடுத்தவருக்குத் திறப்பைக் கொடுக்கும் முன்னர் அந்த வீட்டில் ஓரிரவு படுத்துப் பார்க்கலாம்.